தேங்காப்பட்டணம் துறைமுகத்து எஞ்சின் பட்டறை: ஏழு வருஷமாகப் போகிறவன் எழுதுகிறேன்

வள்ளம் வைத்திருக்கிறவனுக்கு வலை, தூண்டில் எல்லாம் அப்புறம்தான். முதலில் நம்பி எஞ்சினைக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு அப்படி ஒருவர் கிடைப்பதற்குள் மூன்று பட்டறை மாறிவிட்டேன். புதிதாக வள்ளம் இறக்குகிற தம்பிமார் அடிக்கடி விசாரிக்கிறார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் இரையுமன்துறைக்காரன். பதினேழு வயதில் அப்பாவோடு கடலுக்குப் போகத் தொடங்கினேன், இப்போது நாற்பத்தொன்று ஆகிறது. நாலு பேர் போகிற ஃபைபர் வள்ளம் என்னுடையது. 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு எஞ்சின், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. குழித்துறை ஆறு கடலில் விழுகிற பொழிமுகத்தில்தான் தேங்காப்பட்டணம் துறைமுகம் இருக்கிறது. மேற்கே எங்கள் ஊர், கிழக்கே தேங்காப்பட்டணம். இன்னும் மேற்கே போனால் நீரோடி, அதைத் தாண்டினால் கேரளம். பொழியூர்க்காரர்களின் வள்ளங்களையும் எங்கள் துறைமுகத்தில் பார்க்கலாம்.

பட்டறை துறைமுகத்திலிருந்து தேங்காப்பட்டணம் ஊருக்குள் திரும்பும் வழியில், ஐஸ் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக்கூரை, முன்னால் ஒரு புன்னைமரம், அதன் அடியில் வெட்டித் திறந்த பெரிய இரும்பு டிரம். ‘ஆசான் பட்டறை’ என்று யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள்.

எங்கள் முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பட்டறையின் அருமையைச் சொல்ல முடியாது. மணல் வந்து வந்து அடைகிறது. ஆழம் குறைந்த இடத்தில் அலை எழும்பி, துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவர்களுக்கு நடுவிலேயே முறிகிறது. வெளியே போகும்போது அலைக்கு அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தைக் காட்டி ஏறிவிடலாம், திரும்பும்போது அலையின் முதுகோடு சேர்ந்து உள்ளே வந்துவிடலாம். இரண்டுக்கும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் வள்ளம் குறுக்கே திரும்பும், அடுத்த அலை கவிழ்த்துவிடும். அந்த இடத்தில் பலரை இழந்திருக்கிறோம். சுவரை நீட்டிக் கட்டு, மணலை அள்ளு என்று எத்தனையோ போராட்டம் நடத்தியாயிற்று. இன்றைக்கும் அந்த இடம் வரும்போது வள்ளத்தில் யாரும் பேசுவதில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆனி மாதம், அந்த இடத்தில்தான் என் எஞ்சின் நின்றது. அதற்குப் பத்து நாள் முன்னால் வேறொரு இடத்தில் சர்வீசுக்குக் கொடுத்து, தண்ணீர் பம்பு மாற்றியதாகச் சொல்லிப் பைசாவும் வாங்கிக்கொண்டார்கள். கயிற்றை நாலு முறை இழுத்தேன், ஐந்தாவது முறைக்கு அலை விடவில்லை. நானும் இரண்டு பேரும் நீந்தி ஏறிவிட்டோம். மச்சானைச் சுவர்க் கல்லில் தூக்கி அடித்துவிட்டது. தோள்பட்டை உடைந்து எட்டு மாதம் கடலுக்கு வரவில்லை. அந்த எட்டு மாதமும் அவன் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பது என் அக்காவுக்குத்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து முங்கி எடுத்த எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு முதன்முதலாக ஆசானிடம் போனேன். அவர் அடிப்பகுதியைக் கழற்றி, உள்ளே இருந்த இம்பெல்லரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிரவைக்கிற சின்ன ரப்பர் சக்கரம் அது. இதழ்கள் நுனி தேய்ந்து மொட்டையாகி, ஒரு பக்கம் பிய்ந்தே போயிருந்தது. பக்கத்தில் புதிது ஒன்றையும் வைத்தார். இரண்டையும் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது: பழையதை யாரும் மாற்றவே இல்லை. நான் கோபத்தில் அந்தப் பட்டறைக்காரன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். “பெயரு சொல்லாண்டாம் மக்களே. இனி மாத்தும்போ பழைய சாமானைக் கையில வாங்கிக்கோ,” என்றார். அன்றிலிருந்து எந்த ஸ்பேர் மாற்றினாலும் பழையதைக் கேட்காமலே தாளில் சுற்றித் தந்துவிடுவார். இந்தப் பக்கம் வேறு எந்தப் பட்டறையிலும் இந்த வழக்கத்தை நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு இம்பெல்லர் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். ஆழமில்லாத பொழிமுகத்தில் ஓட்டும்போது தண்ணீரோடு மணலும் உள்ளே ஏறுகிறது, மணல் ரப்பரைத் தின்றுவிடுகிறது. துறைமுகத்தில் மண் அள்ளாததற்கு நாங்கள் ஒவ்வொருவரும் இப்படியும் பைசா கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வேலை செய்யும் முறை இதுதான். எஞ்சினைக் கொண்டுபோனதும் நோட்டை எடுப்பார். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனிப் பக்கம் உண்டு. கடைசியாக பிளக் மாற்றியது எப்போது, இம்பெல்லர் எப்போது, கியர் ஆயில் எப்போது என்று தேதியோடு இருக்கும். நான் மறந்திருப்பேன், அவர் நோட்டு மறக்காது. அந்த நோட்டுகளில் 2017 நவம்பரோடு நின்றுபோன பக்கங்களும் இருக்கின்றன. நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தது. அந்தப் பக்கங்களை அவர் கிழிக்கவில்லை, வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

வேலை முடிந்ததும் எஞ்சினை அந்த இரும்பு டிரம்மில் மாட்டி ஓட்டுவார். டிரம்மில் கிணற்றுத் தண்ணீர்தான், ஆற்றுத் தண்ணீர் இங்கே உப்பு. ஒரு நிமிஷம் உறுமவிட்டு ‘சரி, எடுத்துக்கோ’ என்று சொல்கிற ஆள் இல்லை. இருபது நிமிஷம் ஓட வேண்டும். எஞ்சின் பக்கத்துத் துளையிலிருந்து மெல்லிய தண்ணீர் பீய்ச்சுமே, அதில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் ஒரே வேகத்தில் வருகிறதா, இடையில் அறுகிறதா, கை தாங்குகிற சூடா என்று விரலாலேயே பார்ப்பார். போன தடவை பதினைந்தாவது நிமிஷம் அந்தத் தண்ணீர் ஒரு நொடி இளைத்தது. எனக்குத் தெரியவே இல்லை. அணைத்துவிட்டு மறுபடியும் கழற்றினார். குழாய்க்குள் கடுகளவு உப்புக் கட்டி இருந்தது.

இன்னொன்று, மண்ணெண்ணெய். எஞ்சினோடு கேனையும் கொண்டுவரச் சொல்வார். மானிய மண்ணெண்ணெய் தீர்ந்துபோனால் கிடைத்த இடத்தில் வாங்குகிறோம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கேனில் இருந்து ஒரு வெள்ளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஜன்னலில் வைப்பார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் சில நேரம் அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கிடக்கும். கார்பரேட்டருக்குள் அந்த ஒரு சொட்டு போனால் போதும், நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். மண்ணெண்ணெய் ஓடுகிற எஞ்சினில் பிளக் கரி பிடிப்பது சகஜம், திடீரென நின்றால் மறுபடி கிளப்புவதும் சிரமம். அதனால் முகத்துவாரத்துக்கு முன்னாலேயே பெட்ரோலுக்கு மாற்றிவிடு என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவார். பெட்ரோல் விலையை நினைத்து முதலில் நான் கேட்கவில்லை. இப்போது தவறாமல் செய்கிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் கட்டுமரமும் பாயும்தான். 1980-களில்தான் இந்தக் கரையில் எஞ்சின் பரவியது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃப்ஸ் என்ற மீனவர் சங்கக் கூட்டமைப்பு அதற்கென்று பட்டறைகள் நடத்தியது. ஆசான் பையனாக இருந்தபோது அப்படி ஒரு பட்டறையில் வேலை படித்தவர். பழைய சாமானைத் திருப்பித் தருவதும் நோட்டு எழுதுவதும் அங்கே படித்ததுதான் என்று சொல்வார்.

ஜூன், ஜூலையில் இந்தப் பட்டறையில் நிற்க இடம் இருக்காது. எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. வள்ளத்துக்குத் தடை இல்லை. பெரிய படகுகள் கட்டிக்கிடக்கிற அந்த இரண்டு மாதம்தான் எங்கள் மீனுக்கு நல்ல விலை. ஆனால் கடல் அடிப்பதும் அதே இரண்டு மாதம்தான். கச்சான் என்கிற மேற்குக் காற்றும் மழையுமாக இருக்கும்போது முகத்துவாரத்தைத் தாண்டிப் போய்த்தான் அந்த விலையைப் பார்க்க முடியும். போன ஆடியில் கணவாய் மீன் நன்றாகப் படத் தொடங்கிய நேரம். என் எஞ்சினை வள்ளத்தோடு பிடித்திருக்கிற இரும்புப் பிடியில் மயிரிழை விரிசல் இருப்பதாகச் சொல்லி, “இண்ணைக்கு இதை எடுக்காண்டாம்,” என்றார் ஆசான். வெல்டிங் வைத்துத் தாருங்கள், ஒரு வாரம் ஓட்டிவிட்டு மாற்றுகிறேன் என்றேன். மாட்டேன் என்றார். குரலை உயர்த்தினேன், அவர் உயர்த்தவில்லை. விழிஞ்ஞத்தில் இருந்து புதுப்பிடி வர நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் பக்கத்து வள்ளங்கள் பெட்டி பெட்டியாகக் கணவாய் இறக்கியதைக் கரையில் நின்று பார்த்தேன். கூட வருகிற மூன்று பேருக்கும் பங்கு இல்லை, ஒருவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்த செலவு இருந்தது. ஆசான் சொன்னது சரி. ஆனால் சீசனில் இப்படி அடிக்கடி போகிற சாமான்களை முன்கூட்டியே வாங்கி வைத்தால் இரண்டு நாளாவது மிஞ்சியிருக்கும். இதை அவரிடமே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். ஸ்பேர் இருப்பு குறைவு என்பதுதான் இந்தப் பட்டறையின் பெரிய குறை.

வேறு குறைகளும் உண்டு. கூட வேலைக்கு ஒரே ஒரு பையன்தான். போன் எடுப்பது அபூர்வம், நேரில்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கடல் கிடையாது, அதனால் பூசை முடிந்ததும் எல்லாரும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவோம், மாலை வரை காத்திருக்க வேண்டிவரும். பில் தரமாட்டார், நோட்டில் எழுதுவதுதான் கணக்கு. விசைப்படகு டீசல் எஞ்சின் பார்க்க மாட்டார், அதற்காக யாரும் அலைய வேண்டாம்.

கூலி நியாயம். எனக்கு முழு சர்வீசுக்கு 800 ரூபாய் வாங்குகிறார், ஸ்பேர் விலை தனி. பாடில்லாத, அதாவது மீன் படாத வாரம் என்றால் நோட்டில் குறித்துக்கொண்டு எஞ்சினைத் தந்துவிடுவார். இங்கே இது பெரிய விஷயம். கடனுக்குச் சாமான் கொடுத்துவிட்டு, அது தீரும்வரை மீனை என் வழியாகத்தான் விற்க வேண்டும் என்று கட்டிப்போடுகிறவர்கள் இந்தக் கரையில் நிறைய. ஏலத்தில் பத்து ரூபாய் கூடக் கிடைக்கும் என்று தெரிந்தும் அவர்களிடம்தான் கொட்ட வேண்டியிருக்கும். நானும் மூன்று வருஷம் அப்படிக் கிடந்தவன். ஆசான் இதுவரை என் மீன் எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏலம் முடிந்து பைசாவோடு போனால் வாங்கி எண்ணிவிட்டு, நோட்டில் அந்த வரியை அடித்துவிடுவார்.

போகிறவர்கள் மதியம் மூன்று மணிக்குள் போய்விடுங்கள். மண்ணெண்ணெய் கேனை மறக்காமல் கொண்டுபோங்கள். எஞ்சின் எப்போது, எந்த இடத்தில், என்ன சத்தத்தோடு நின்றது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். எரிபொருளில் ஆயிலைக் குறைத்துக் கலந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், எப்படியும் பிளக்கைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்.

என் எஞ்சின் இப்போது அங்கேதான் இருக்கிறது. எனக்கு முன்னால் ஐந்து பேருடையது. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து எடுத்துக்கோ என்று சொல்லியிருக்கிறார். மச்சான் வருவதாகச் சொன்னான், டிரம்மில் ஓடி முடிந்ததும் இரண்டு பேருமாகத் தூக்க வேண்டும்.