டேப் கோப்பில் தலைப்பு ஒரு பக்கம், எண் ஒரு பக்கம்: ஆறு வருட அனுபவம்

நெல் ரகங்களின் வயல் அளவீடுகளை ஆறு வருடமாக டேப் குறியால் பத்திகளை (நெடுவரிசைகளை) பிரித்த உரைக் கோப்பில்தான் வைத்திருக்கிறேன். கோப்பு சின்னது, எந்தக் கணினியிலும் திறக்கும். ஒரே தொல்லை, நோட்பேடில் திறந்தால் தலைப்பு ஓர் இடத்தில் இருக்கும், அதற்குரிய எண் வேறெங்கோ இருக்கும்.

டேப் என்பது இத்தனை இடைவெளி என்ற கணக்கு இல்லை. 'அடுத்த நிறுத்தத்துக்குப் போ' என்று சொல்லும் ஒற்றைக் குறி, அவ்வளவுதான். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டி இயக்கும் திரையில்) வழக்கமாக 8 இடத்துக்கு ஒரு நிறுத்தம். 'ரகம்' என்ற தலைப்பும் 'பூங்கார்' என்ற பெயரும் அதற்குள் அடங்கிவிடும். அடுத்த பத்தி 9ஆம் இடத்தில் தொடங்கும். 'மாப்பிள்ளைச் சம்பா' அடங்காது. அதன் உயரம் 17ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, 'தூர்' (ஒரு குத்தில் வெடித்த கிளைகளின் எண்ணிக்கை) என்ற தலைப்புக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் வருடம் இதைச் சரிசெய்கிறேன் என்று தலைப்புகளுக்குப் பின்னால் ஸ்பேஸ் தட்டி வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. பைத்தான் மொழியில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பைக் கொண்டு படித்தபோது 'உயரம்' என்று ஒரு பத்தியே இல்லை என்று அடம் பிடித்தது. இருந்தது 'உயரம்' அல்ல, பின்னால் மூன்று ஸ்பேஸோடு வேறொரு பெயர். அரை நாள் போயிற்று.

கண்ணுக்குக் கோணலாகத் தெரிவதால் ஒரு கெடுதலும் இல்லை. பயப்பட வேண்டியது வரியில் உள்ள கட்டங்களின் எண்ணிக்கை கோணலாவதற்கு. ஆர் என்ற புள்ளியியல் மொழியில் அட்டவணையைக் கோப்பாக எழுதும் ரைட் டேபிள் கட்டளை இதில் என்னை நன்றாக மாட்டிவிட்டது. ரகப் பெயர்களைத் தனிப் பத்தியாக வைக்காமல் வரிப்பெயராக, அதாவது ஒவ்வொரு வரியின் அடையாளமாக, வைத்திருந்தேன். எழுதும்போது அது வரிப்பெயர்களை முதல் பத்தியாக எழுதும், ஆனால் அந்தப் பத்திக்குத் தலைப்பு எழுதாது. தலைப்பு வரியில் ஒரு கட்டம் குறையும். ஆரே திரும்பப் படித்தால் அதைப் புரிந்துகொண்டு சரியாகப் படித்துவிடும், அதனால் என் கணினியில் எதுவும் தெரியவில்லை. கோப்பை எக்செலில் திறந்த நண்பர் போனில் கேட்டார்: "என்னண்ணா, ஒரு குத்துக்கு 148 தூரா?" அது செடியின் உயரம், சென்டிமீட்டரில். எல்லாத் தலைப்பும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. கால் நேம்ஸ் (பத்திப் பெயர்கள்) என்ற இடத்தில் என்ஏ என்று கொடுத்தால் முதல் கட்டத்துக்குக் காலித் தலைப்பு வந்து சரியாகும். நான் இப்போது வரிப்பெயரே வைப்பதில்லை. ரகமும் மற்றவை போல ஒரு பத்திதான். அனுப்பும் முன் ஆக் (awk) என்ற உரைக் கருவியில் ஒரு வரிக் கட்டளை ஓட்டி, ஒவ்வொரு வரியிலும் எத்தனை கட்டம் என்று எண்ணிப் பார்க்கிறேன். எல்லாம் ஒரே எண் வர வேண்டும்.

பார்ப்பதற்கு மட்டும் கருவிகள். விஎஸ் கோடு என்ற எடிட்டரில் ரெயின்போ சிஎஸ்வி என்ற நீட்டிப்பைப் போட்டிருக்கிறேன். பத்திக்கு ஒரு நிறம் தரும், தலைப்பின் நிறமும் எண்ணின் நிறமும் ஒன்றாக இருப்பதால் நேராக நிற்க வேண்டிய தேவையே பாதி குறைகிறது. அதன் அலைன் கட்டளையை மட்டும் தொடுவதில்லை, கோப்புக்குள்ளேயே ஸ்பேஸைத் திணித்துவிடும் (ஷ்ரிங்க் என்று கொடுத்தால் எடுத்துவிடும், ஆனால் எனக்கு மறந்துபோகும்). டெர்மினலில் முன்பு பயன்படுத்தியது, பத்திகளை நேராக அடுக்கிக் காட்டும் 'காலம்' (column) என்ற லினக்ஸ் கட்டளை. அதன் பழைய பதிப்பு அடுத்தடுத்து வரும் இரண்டு டேபை ஒன்றாக எண்ணி, அளக்காமல் விட்ட காலிக் கட்டத்தை விழுங்கிவிடும்; அப்புறம் மீதி எல்லாம் இடப்பக்கம் சரியும். இப்போது டெர்மினலிலேயே அட்டவணையைக் காட்டும் விசிடேட்டா என்ற கருவிதான். கீழே எவ்வளவு போனாலும் தலைப்பு மேலேயே நிற்கும், கோப்பையும் தொடாது. விசைகளைப் பழகத்தான் இரண்டு வாரம் பிடித்தது.

தீராத ஒன்று தமிழ். 'மாப்பிள்ளைச் சம்பா' நமக்கு 9 எழுத்து. யூனிகோடில் இடைவெளியும் சேர்த்து 18 குறி. புள்ளிக்கு அகலம் கிடையாது, துணைக்காலுக்கு உண்டு என்று டெர்மினல் ஒரு கணக்குப் போடும். எழுத்துரு தன் விருப்பத்துக்கு வேறு அகலத்தில் வரையும். எந்தக் கருவியில் பார்த்தாலும் நீளமான பெயர்களுக்குப் பிறகு எண்கள் கொஞ்சம் முன்னும் பின்னுமாகத்தான் நிற்கின்றன. யாருக்காவது அச்சடித்துக் கொடுக்க வேண்டுமென்றால் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறந்துவிடுகிறேன். டெர்மினலில் இன்றுவரை சொன்னபடி கேட்பது பூங்கார் மட்டும்தான்.