தினசரி பைக் ஓட்ட மெஷ் ஜாக்கெட்டா, லெதர் ஜாக்கெட்டா?

விழுந்து தார்ச்சாலையில் உரசிக்கொண்டு போகும்போது தோலைக் காப்பதில் நல்ல லெதருக்கு ஈடு இல்லை. ஆனால் சிக்னலில் நின்றாலே உள்ளே வியர்த்துக் கொட்டும். கனமும் அதிகம், நனைந்தால் சீக்கிரம் காயாது. இப்படி இருந்தால் பக்கத்துக் கடைக்குப் போகும்போது யார் போடுவார்கள்?

வலைபோன்ற துணியான மெஷ்ஷில் காற்று நன்றாக ஓடும், உரசலைத் தாங்குவது குறைவு. அதனால் லேபிளைப் பாருங்கள்: பைக் உடைகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 17092-இல் ஏ, ஏஏ, ஏஏஏ என்று படிகள் உண்டு, ஏஏஏதான் உச்சம். ஏஏ மெஷ் கிடைத்தால் விடாதீர்கள். தோள், முழங்கை பேடுகள் லெவல் 2 ஆக இருக்கட்டும். சோதனையில் அவை உள்ளே கடத்தும் சராசரி விசை 20 கிலோநியூட்டனுக்குள் இருக்க வேண்டும், லெவல் 1-க்கு 35 வரை அனுமதி.

முதுகில் பல ஜாக்கெட்டுகளில் வெறும் ஸ்பாஞ்சுதான் வரும், மாற்றிவிடுங்கள். வெயிலில் தினமும் ஓட்டுபவருக்கு என் ஓட்டு மெஷ்ஷுக்கே. அப்புறம், வாங்கும்போது கையை மடக்கிப் பாருங்கள். முழங்கை பேட் நகர்ந்தால் அந்த சைஸ் வேண்டாம்.