ஏர் பம்ப் இரைச்சலும் நானும்: வீட்டுக்குள் ஹைட்ரோபோனிக்ஸ், மூன்று வருட அனுபவம்

வேளச்சேரியில் இரண்டாவது மாடி. ஹாலை ஒட்டிய சின்ன அறையில் ஓர் இரும்பு ரேக், அதில் எல்.இ.டி. விளக்குக்குக் கீழே 20 லிட்டர் வாளிகள் நான்கு. துளசி, புதினா, மிளகாய், லெட்டூஸ். மண் கிடையாது, வேர் உரம் கரைத்த தண்ணீரிலேயே தொங்குவதால் நாள் முழுக்கக் காற்று கொடுக்க வேண்டும். அதற்கு மீன்தொட்டிக்கு வைக்கும் அதே ஏர் பம்ப், 5 வாட், இரண்டு அவுட்லெட். உரக்கரைசல், பி.எச். பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ராத்திரி அந்தப் பம்போடு ஒரே வீட்டில் தூங்குவது எப்படி என்பதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

பம்புக்குள் ஒரு மின்காந்தம், அதன் எதிரே காந்தம் பதித்த ஒரு சின்னக் கை, கையில் மாட்டிய ரப்பர் டயாப்ரம், அதாவது காற்றைத் தள்ளும் சவ்வு. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தக் கை வினாடிக்கு 50 தடவை ஆடுகிறது. எந்த கம்பெனி பம்பாக இருந்தாலும் இந்த ஆட்டம் இருக்கும். அது எதன் மேல் போய் ஏறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓடும் பம்பைக் கையில் தூக்கிப் பாருங்கள், சத்தம் கொஞ்சம்தான். ரேக் தட்டில் வைத்த உடனே அந்தத் தகடு முழுவதும் ரீங்காரம் போடும். ரேக் சுவரில் சாய்ந்திருந்தால் சுவரும் சேர்ந்துகொள்ளும். அறைக் கதவைச் சாத்தினாலும் படுக்கையறையில் "ம்ம்ம்" என்று கேட்பது இதனால்தான். கீழ்வீட்டு மாமி ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தி, "ராத்திரியெல்லாம் மேலே என்ன மெஷின் ஓடுது தம்பி?" என்றே கேட்டுவிட்டார்.

இந்த இடத்தில் போன் ஆப்பை நம்ப வேண்டாம். டெசிபல் ஆப்களும் பம்ப் பெட்டியில் அச்சிட்ட எண்ணும் பெரும்பாலும் ஏ-வெயிட்டிங் கணக்கு, அதாவது நம் காதுக்கு மந்தமாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துப் போடும் கணக்கு. அதில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 30 டெசிபலும் 100 ஹெர்ட்ஸுக்கு 19 டெசிபலும் கழித்துவிடுவார்கள். நம்மைத் தூங்கவிடாத ரீங்காரம் அந்த எண்ணில் பாதிகூட வராது. உள்ளங்கையை ரேக் கால் மேலும் சுவர் மேலும் வைத்துப் பார்ப்பது இதைவிட நல்ல சோதனை. கையில் துடிப்பு தெரிந்தால் பக்கத்து அறையிலும் கேட்கும்.

எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம் அடியில் ரப்பர் வைப்பது. நானும் வாஷிங் மெஷின் காலுக்கு விற்கும் ரப்பர் குமிழ், பழைய டயர் துண்டு எல்லாம் வைத்துப் பார்த்தேன். பெரிதாக மாற்றம் இல்லை. காரணம் எளிது. பம்பின் எடை அரைக் கிலோகூட இல்லை, அந்த ரப்பரோ பல கிலோ எடைக்குச் செய்தது. எடையை வாங்கி அமுங்காத ரப்பர் அதிர்வை அப்படியே கீழே தள்ளிவிடும். ஒரு கணக்கு சொல்கிறேன்: மெத்தென்ற பொருள் பம்பின் எடையால் ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால், அதன் மேல் பம்ப் சுமார் 16 ஹெர்ட்ஸில் ஆடும். 50 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தடுக்க அதுவே போதும். கால் மில்லிமீட்டர்கூட அமுங்காவிட்டால் தடுக்கவே தடுக்காது, சமயத்தில் கூட்டியும் விடும். ஆகவே பாத்திரம் துலக்கும் மிருதுவான ஸ்பாஞ்ச், மெத்தைக் கடையில் கிடைக்கும் ஃபோம் வெட்டு, இவைதான் அடியில் வைக்க உருப்படியானவை. ஆனால் சில மாதத்தில் ஃபோம் தட்டையாகிவிடும். பம்பும் மெல்ல மெல்ல நகர்ந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியில் நிலைத்தது தொங்கவிடுவது. பாவாடை, பைஜாமாவுக்குப் போடும் எலாஸ்டிக்கை இரண்டு வளையமாகக் கட்டி, ரேக்கின் மேல் கம்பியிலிருந்து பம்பைத் தொட்டில்போலத் தொங்கவிட்டிருக்கிறேன். வெறும் கயிறு பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும்தான் தடுக்கும், மேலும் கீழுமான ஆட்டம் கயிறு வழியே ஏறிவிடும். எலாஸ்டிக் இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. பம்ப் எதையும் தொடக் கூடாது. டியூபும் விறைப்பாக இருக்கக் கூடாது. கண்ணாடி மாதிரி கெட்டியான பி.வி.சி. டியூபை எடுத்துவிட்டு சிலிகான் டியூப் போட்ட பிறகுதான் வாளி விளிம்பில் இருந்த துடிப்பு நின்றது. இன்னொரு லாபம், பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பதால் கரண்ட் போனால் தண்ணீர் பின்னோக்கி ஏறிவிடும் பயமில்லை. இருந்தாலும் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வை எடுக்கவில்லை. சென்னை வெக்கையில் எலாஸ்டிக் வருடத்துக்குள் தொய்ந்துவிடுகிறது. மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், சில மாதத்தில் சத்தம் மறுபடி ஏறும். இந்த முறை காரணம் தொங்கலில் இல்லை, ஏர் ஸ்டோனில், அதாவது டியூப் நுனியில் மாட்டி வாளிக்குள் காற்றைக் குமிழியாக விடும் கல்லில். எங்கள் போர் தண்ணீர் கடுமையான உப்பு. கல்லின் துவாரங்களில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்கிறது. காற்று போக வழியில்லாமல் பம்புக்குள் அழுத்தம் கூடி, டயாப்ரம் திணற, ரீங்காரம் கடகடவாக மாறும். டியூபைப் பம்பிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். உடனே சத்தம் இறங்கினால் பம்பில் கோளாறு இல்லை, கல்தான் அடைத்திருக்கிறது. கல்லை ஓர் இரவு வினிகரில் ஊறப்போட்டுக் கழுவினால் சரியாகிவிடும். பிடுங்கிய பிறகும் கடகட என்றால் டயாப்ரம் கிழிந்திருக்கும், அல்லது உள்ளே கை ஒரு பக்கம் இடிக்கிறது. டயாப்ரம் தனியாக கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்கிறது, பழையதைக் கையோடு எடுத்துப் போனால் அளவு பார்த்துத் தருவார்கள். பம்பையே தூக்கிப் போட அவசியமில்லை. இதே காரணத்தால்தான் பெரிய பம்ப் வாங்கி வால்வை மூடிக் காற்றைக் குறைக்காதீர்கள் என்கிறேன். மூடும் ஒவ்வொரு வால்வும் அழுத்தத்தைக் கூட்டும். மிச்சக் காற்றை டியூபில் ஒரு டி (T) இணைப்பு போட்டு வெளியே விட்டுவிடலாம்.

பம்பைப் பெட்டிக்குள் மூடி வைக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே சூடேறி ரப்பர் சீக்கிரம் இறுகுகிறது. காற்றுக்கு ஓட்டை போட்டால் சத்தமும் அதே ஓட்டை வழியே வருகிறது.

குமிழிச் சத்தம் தனி ரகம். பம்ப் அடங்கிய பிறகுதான் அது காதில் விழும். பெரிய குமிழி வெடிக்கும்போது "களக் களக்", பொடிக் குமிழியில் வெறும் சலசலப்பு. நல்ல கல்லும், இடைவெளி இல்லாமல் பொருந்தும் மூடியும் போதும். என் மனைவிக்கு அந்தச் சலசலப்பு பிடித்துப் போய்விட்டது, அது வேறு கதை.

ராத்திரி நிறுத்திவைக்கலாமே என்பார்கள். மார்கழி, தையில் டைமர் வைத்து அரை மணி ஓட்டம், அரை மணி ஓய்வு என்று விடுகிறேன், செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்திரை, வைகாசியில் அந்த விளையாட்டு வேண்டாம். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். வேருக்குத் தேவையோ வெக்கையில் கூடுகிறது. பழுப்பு வேரும் நாற்றமும் அப்போதுதான் வரும். லெட்டூஸை மட்டும் இப்போது பம்பே இல்லாத வாளிக்கு மாற்றிவிட்டேன். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி சொன்ன முறை அது. தண்ணீர் இறங்க இறங்க மேலே உண்டாகும் இடைவெளியில் வேர் காற்று வாங்கிக்கொள்ளும்.

இன்வெர்ட்டர் இருப்பவர்களுக்கு ஒன்று. எங்களுடையது ஸ்கொயர் வேவ், கரண்ட் அலை வழவழப்பாக இல்லாமல் வெட்டு வெட்டாக வரும் ரகம். கரண்ட் போனதும் ஃபேன் உறுமுகிற மாதிரியே பம்பும் உறுமும், எலாஸ்டிக்கெல்லாம் அதற்குப் பத்தாது. சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பம்புக்காக யாரும் அதை மாற்றப் போவதில்லை. ஒன்றிரண்டு மணி நேர மின்வெட்டைச் செடிகள் தாங்கிவிடுவதால் பம்பின் பிளக்கை இன்வெர்ட்டர் லைனிலிருந்தே எடுத்துவிட்டேன்.