சுவாமிமலையா, பர்வதமலையா: முட்டி சொன்ன தீர்ப்பு

வேலூரைக் கிண்டல் செய்ய வேலூர்க்காரர்களே ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. மூன்றாவது ஐட்டம் தினமும் காலையில் மொட்டை மாடியில் பல் தேய்க்கும்போது எதிரே நிற்கும். காட்டு வழியில் ஒரு நாள் நடந்துவிட்டு வரலாம் என்றால் வண்டி எடுத்துத்தான் ஆகவேண்டும்.

போன தை மாதம் ஆறு பேர் கிளம்பினோம். அக்கா, ஐம்பத்து நான்கு வயது மாமா, கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள், ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர், நான். இடத்தை முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

அமிர்தி பக்கம்தான், ஆனால் உயிரியல் பூங்காவும் அருவியும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அதை மலையேற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, காவலூர் வானாய்வகம் எல்லாம் அருமையான இடங்கள். ஆனால் ஜவ்வாது மலையை நாங்கள் எப்போதும் பார்ப்பது ஜன்னல் வழியாகத்தான். கடைசியில் மிஞ்சியது இரண்டு: ஏலகிரியின் சுவாமிமலை, போளூரைத் தாண்டி இருக்கும் பர்வதமலை. இன்றைக்கு ஒன்று திருப்பத்தூர் மாவட்டம், மற்றது திருவண்ணாமலை மாவட்டம். பழைய கணக்கில் இரண்டும் வட ஆற்காடு.

உயரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சுவாமிமலை சுமார் 4,300 அடி, பர்வதமலை சுமார் 4,500 அடி. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். ஏலகிரிக்குப் போகும் சாலை 14 கொண்டை ஊசி வளைவு ஏறி, 3,500 அடியை ஒட்டிய சமதளத்தில் நம்மை இறக்கிவிடுகிறது. மங்கலம் கிராமத்திலிருந்து நாம் நடந்து ஏறுவது மிச்சமிருக்கும் எண்ணூறு அடி சொச்சம்தான். பர்வதமலைக்கு அந்தச் சலுகை கிடையாது. தென்மாதிமங்கலம் சமவெளியில் இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தினால் 3,500 அடிக்கு மேல் சொந்தக் காலில்தான் ஏறவேண்டும்.

இதை மாமாவிடம் விளக்கினேன். அவர் கேட்ட கேள்வி இது: "இன்னா மச்சான், ஏறுறதப் பத்தியே பேசினு இருக்கியே, எறங்குறது எப்படின்னு சொல்லு."

அந்தக் கேள்விதான் முடிவு செய்தது. நான் மூன்று வருடம் முன்பு பர்வதமலைக்குப் போய் வந்தவன். ஏறும்போது மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறங்கும்போது மூச்சு நன்றாகவே இருக்கும், தொடைதான் பேசும். உடம்பின் மொத்த எடையையும் ஒவ்வொரு அடியிலும் பிரேக் போட்டு நிறுத்துவது தொடைத் தசை. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிப்பதால் அதில் நுண்ணிய காயம் ஏற்பட்டு, வலி அன்றைக்கு வராமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும். தசை தளர்ந்த பிறகு மீதிச் சுமை முட்டிக்குப் போகிறது.

அதிலும் படி இருக்கிறதே, அது மோசம். தென்மாதிமங்கலம் வழியில் முதலில் ஆயிரத்துச் சொச்சம் படிக்கட்டு, அப்புறம் கரடுமுரடான பாறை வழி. மேலே கடப்பாறைப் படி. பாறையில் கடப்பாறை நட்டு, சங்கிலி பிடித்து ஏறும் இடம். ஏணிப் படி, தண்டவாளப் படி என்று அதற்கு உறவுக்காரர்களும் உண்டு. மண் பாதையில் சறுக்கலாக இருந்தால் சின்ன அடியாக, கோணலாக, வளைந்து வளைந்து இறங்கலாம். படியில் அந்த வசதி இல்லை. கட்டியவர் வைத்த உயரத்துக்குத்தான் நம் கால் விழவேண்டும், ஆயிரம் முறை. அன்றைக்குக் கடைசி முந்நூறு படியை நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி, தலையில் பூஜைக் கூடையோடு என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, "பாத்து வா சாமி" என்றார். மறுநாள் ஆபீஸில் முதல் மாடிக்குப் போக லிஃப்டுக்குக் காத்திருந்தேன்.

சரி, சுவாமிமலைக்கு வருவோம். காலை ஆறரைக்கு மங்கலத்தில் நடக்க ஆரம்பித்தோம். முதலில் வீடுகள், ஆடுகள், புதர். அப்புறம் மரங்கள் நெருங்கி நிழல் வந்தது. வழியெல்லாம் மண்ணும் கல்லும் வேரும்தான். கடைசிப் பகுதி செங்குத்து. அங்கே மட்டும் மாமாவுக்கு நண்பர் கை கொடுத்தார். உச்சிப் பாறையில் உட்கார்ந்து புளிசாதமும் அவித்த முட்டையும். இறங்கும்போது மாமா மூங்கில் குச்சியை ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஊன்றி, அப்புறம்தான் காலை வைத்தார். குச்சி, கால், குச்சி, கால். அவர் வேகத்துக்கே நாங்களும் வந்தோம். பொடிக்கல் சரிவில் அக்கா ஒரு தடவை உட்கார்ந்து சறுக்கினாள், சுடிதாரில் செம்மண். பதினொன்றரைக்குக் கீழே வந்தாயிற்று. மதியம் புங்கனூர் ஏரியை ஒரு சுற்று நடந்து, காலையும் மதியமும் சேர்த்து வட்டத்தை முடித்துக்கொண்டோம். "இதுல பாதி நாள் ஏரிக்கரைல நடக்கறதா?" என்று அக்கா மகள் முணுமுணுத்தாள். அவளுக்கு இருபது வயது.

குறையும் உண்டு. சுவாமிமலையில் ஏறிய வழியிலேயே இறங்கினோம். பார்த்ததையே திரும்பப் பார்ப்பதில் சுவை பாதி போய்விடும். பர்வதமலையில் தென்மாதிமங்கலத்தில் ஏறிக் கடலாடியில் இறங்கலாம், வேறு முகத்தைப் பார்த்துக்கொண்டே. ஆனால் வண்டி தென்மாதிமங்கலத்தில் நிற்கும், நீங்கள் கடலாடியில் நிற்பீர்கள். கடலாடி வழியில் நான் இறங்கியதில்லை, அதனால் முட்டிக்கு அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். உச்சிக் காட்சியிலும் பர்வதமலைதான் மேல். உச்சிக் கோயிலில் மல்லிகார்ஜுனேஸ்வரருக்கு நாமே அபிஷேகம் செய்யலாம்; நான்கு பக்கமும் சமவெளி கீழே கிடக்கும். பௌர்ணமி அன்று கூட்டத்தோடு கூட்டமாக ஏறும் தெம்பு வேறு. அதையெல்லாம் ஏலகிரி தராது.

அனுமதி விஷயம்: 2018இல் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. ஏலகிரி-சுவாமிமலை அதில் ஒன்று, ஜலகாம்பாறையும் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட வருவார். எங்களோடு வந்தவர் எங்கே பாறை வழுக்கும் என்பதைப் பத்தடி முன்னாலேயே சொன்னார். மாமாவின் முட்டிக்கு அதுவே பாதி மருந்து. காட்டுத் தீ காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதைகளை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் வருவது வேலூர் வெயில், அதைப் பற்றி நமக்குள் பேச என்ன இருக்கிறது. மார்கழி, தை நல்லது. நான் இரண்டு மலைக்கும் போனது காய்ந்த நாட்களில்தான். மழையில் நனைந்த பாறைக்கு என் கணக்கு பொருந்தாது.

தண்ணீர், சுவாமிமலைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர், பர்வதமலைக்கு மூன்று. ஷூ கயிற்றை ஏறும்போது கொஞ்சம் தளர்த்தியும், இறங்கும் முன் கணுக்காலருகே இறுக்கியும் கட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டைவிரல் முன்னால் போய் இடிக்கும். நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். பர்வதமலையில் குரங்குக்குத் தெரியாமல் எதையும் தின்ன முடியாது.

திங்கட்கிழமை காலையில் மாமாவுக்கு போன் போட்டேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னாள்.