லேப்டாப் திரை ஃப்ளிக்கர் ஆனால் உடனே பேனலை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

தேவையே இல்லாத ஒரு டிஸ்ப்ளேவுக்கு, அதாவது படம் காட்டும் பேனலுக்கு, என்னிடம் பணம் வாங்கிவிட்டார்கள். லேப்டாப் திரை கோளாறு என்று கடைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மூடியை ஒரு அளவுக்கு மேல் திறந்தால் திரை ஃப்ளிக்கர் ஆகும், சில சமயம் முழுக்கக் கருப்பாகிவிடும். கொஞ்சம் முன்னால் சாய்த்தால் படம் திரும்ப வரும். கடையில் இதைத் தெளிவாகவே சொன்னேன். கடைக்காரர் ஆன் செய்து ஒரு பார்வை பார்த்தார். "பேனல் போயிடுச்சு சார், மாத்தித்தான் ஆகணும்." சோதனை என்று எதுவும் நடக்கவில்லை.

மாற்றினார்கள். சில வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் அதே கோணம், அதே ஃப்ளிக்கர். வேறொரு டெக்னீஷியன் திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றிக் காட்டினார். மதர்போர்டிலிருந்து ஹிஞ்ச் (மூடியின் கீல்) வழியாகத் திரைக்கு ஏறும் டிஸ்ப்ளே கேபிள், ஹிஞ்ச் ஓரத்தில் தேய்ந்து, சில மெல்லிய கம்பிகள் அறுந்திருந்தன. பேனலை மாற்றும்போது கேபிளைக் கழற்றி மாட்டியதில் அது சற்று இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சில வாரச் சுகம் அதனால் வந்ததுதான். கேபிளை மட்டும் மாற்றினோம், சரியாகிவிட்டது. பேனல் விலையோடு பார்த்தால் கேபிள் ஒரு செலவே இல்லை.

முதல் கடைக்குப் போய்க் கேட்டால், "வாரண்டி டிஸ்ப்ளேவுக்குத்தான், கேபிளுக்கு இல்லை" என்கிறார். டிஸ்ப்ளே நன்றாகத்தான் இருந்தது ஐயா, என் புகாரே அதுதானே!

இன்னொரு கூத்தும் உண்டு. வாங்கும்போது என் லேப்டாப்பில் இருந்தது ஐபிஎஸ் திரை, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை. இவர்கள் போட்டது டிஎன் என்ற வேறு வகை. நேராகப் பார்த்தால் தெரியாது. கீழிருந்து பார்த்தால் படம் இருண்டு நிறமெல்லாம் தலைகீழாகிறது. பழைய பேனலைக் கேட்டதற்குத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் நம்பவில்லை. லேப்டாப்பைக் கொடுக்குமுன் பேனலின் மாடல் எண்ணைக் குறித்து வையுங்கள், எச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) போன்ற இலவச மென்பொருளே காட்டிவிடும். பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சோதனைகள் எல்லாம் வீட்டிலேயே செய்யக்கூடியவைதான். எச்டிஎம்ஐ வழியாக டிவியிலோ மானிட்டரிலோ இணையுங்கள். அங்கேயும் கோளாறு தெரிந்தால் கிராபிக்ஸ் சிப் அல்லது அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் பக்கம் பாருங்கள். விண்டோஸில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) விசைகள் நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் ரீசெட் ஆகும். விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையிலேயே கோடு வந்தால் விண்டோஸைக் குறைசொல்லிப் பயனில்லை. வெளித்திரையில் படம் சுத்தமாக இருந்தால் சந்தேகம் பேனல் மீதோ கேபிள் மீதோதான். அப்போது மூடியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைவுக்கு ஏற்பக் கோளாறு வந்து போனால் முதலில் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். எப்படி அசைத்தாலும் ஒரே இடத்தில் கோடு நின்றால் பெரும்பாலும் பேனல்தான். திரை இருட்டாக இருந்து, டார்ச்சைச் சாய்வாக அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? அது பேக்லைட், அதாவது திரைக்கு உள்ளிருந்து வெளிச்சம் தரும் விளக்கின் கோளாறு.

கேபிள் வாங்கும்போது அதிலேயே ஒட்டியிருக்கும் பார்ட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கனெக்டரில் உள்ள முனைகளின் (pin) எண்ணிக்கையைப் பொறுத்து 30 பின், 40 பின் என்று வகைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.