வார்னிஷ் இல்லாத அக்ரிலிக் ஓவியங்களில் ஜெல்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வார்னிஷ் பூசாத அக்ரிலிக் ஓவியங்களைச் சுத்தம் செய்ய, ஈரப் பஞ்சுக் குச்சிக்குப் பதிலாக, நீரைத் தன்னுள் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடும் ஜெல்லைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1950களின் நடுவில் விற்பனைக்கு வந்த நீர்வழி அக்ரிலிக் வண்ணம், காய்ந்த பிறகும் அறை வெப்பத்தில் சற்று மென்மையாகவே இருப்பதால் தூசியைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் பட்டாலோ உப்பி, தன்னுள் இருக்கும் சர்ஃபாக்டன்டை (வண்ணத் துகள்கள் நீரில் கலந்து நிற்கச் சேர்க்கும் சோப்புபோன்ற பொருளை) இழக்கிறது. பஞ்சால் தேய்க்கும்போது ஈரத்தின் அளவும் கையின் அழுத்தமும் நம் கட்டுக்குள் நிற்பதில்லை. மங்கலான பரப்பு ஆங்காங்கே பளபளத்துவிட்டால் அதைத் திருப்ப வழியில்லை.

நான் அதிகம் பயன்படுத்துவது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர். ஏறக்குறைய மூன்று சதவீதக் கரைசலைக் கொதிக்கவைத்துத் தட்டில் ஊற்றினால், 40 டிகிரிக்குக் கீழே உறைந்து, கத்தியால் வேண்டிய வடிவில் வெட்டக்கூடிய தகடாகிறது. சமதளமான பரப்பில் அதைச் சில நிமிடங்கள் வைத்து எடுத்தால், கண்ணாடிபோல் இருந்த அடிப்பக்கம் பழுப்பாகியிருக்கும். வண்ணம் ஏறியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். தூரிகைத் தடம் மேடுபள்ளமாக நிற்கும் இடத்தில்தான் அகர் தோற்கிறது: தகடு மேடுகளின் மீது பாலம் போட்டதுபோல் நின்றுவிட, பள்ளங்களில் அழுக்கு அப்படியே தங்கி, ஓவியம் முன்னைவிடத் திட்டுத்திட்டாகத் தெரிகிறது.

அத்தகைய பரப்புக்குப் பாலிவினைல் ஆல்கஹால் என்ற, நீரில் கரையும் பாலிமரை உறையவைத்து உருகவைத்துச் செய்யும் ஜெல்லே ஏற்றது. ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய இவ்வகை ஜெல், வெனிஸ் நகரிலுள்ள பெக்கி குகன்ஹைம் தொகுப்பு என்ற அருங்காட்சியகத்தில் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியத்தைச் சுத்தம் செய்யவும் பயன்பட்டது. இது வளைந்து பள்ளங்களுக்குள் இறங்குகிறது, எடுக்கும்போது கிழிவதில்லை. மலிவானதல்ல என்பதால், சமதளத்தில் இதைச் செலவிட எனக்கு மனம் வருவதில்லை.

எந்த ஜெல்லானாலும் உள்ளே ஏற்றும் நீர்தான் பாதி வேலையைத் தீர்மானிக்கிறது. காரத்தன்மை கூடினால் அக்ரிலிக் மேலும் உப்பிவிடும். வெறும் காய்ச்சி வடித்த நீரிலும் அப்படியே. ஆகவே அசிட்டிக் அமிலமும் அம்மோனியாவும் சேர்த்து, பிஎச் 6 அளவில் மிதமான அமிலத்தன்மையுடன் கரைசலைத் தயாரிக்கிறேன். இரண்டும் ஆவியாகிவிடுவதால் பரப்பில் உப்பு தங்குவதில்லை.

வண்ணம் செதில் செதிலாகப் பெயர்ந்து நிற்கும் ஓவியத்தில் மட்டும், முதலில் அதை ஒட்டி உறுதிப்படுத்தாமல் ஜெல்லை வைப்பதில்லை. தகட்டை எடுக்கும்போது செதிலும் கூடவே வந்துவிடும்.