லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி: பள்ளி நடக்கும்போதே காணக் கிடைக்கும் வரலாற்றுத் தலம்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத் தலைநகரான லிட்டில் ராக்கில், இன்றும் அன்றாடம் வகுப்பு நடக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியை மையமாகக் கொண்ட பகுதி 1998ஆம் ஆண்டு தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பார்வையாளர் மையத்தையும் வழிகாட்டிச் சுற்றுகளையும் தேசியப் பூங்காத் துறை நடத்துகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. முன்பதிவு செய்துகொண்டவர்களைப் பூங்கா அலுவலர் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார். மற்றவர்கள் வெளியில் நின்றுதான் பார்க்க வேண்டும். உள்ளே பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கட்டுப்பாடு முற்றிலும் நியாயமானது. பள்ளி வரலாற்றைச் சொல்லும் இடங்கள் பலவும் புகழ்பெற்ற பழைய மாணவர்களின் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. இங்கே பள்ளியின் பெருமையையும், 1957இல் கறுப்பின மாணவர்களை அதன் வாசலில் தடுத்த அநீதியையும் பிரிக்காமல் சொல்கிறார்கள். இந்தச் சேவையை மனமாரப் பரிந்துரைக்க எனக்கு அதுவே முதற்காரணம்.

கட்டடத்திலிருந்தே தொடங்கலாம். 1927இல் பதினைந்து லட்சம் டாலர் செலவில் எழுந்த இப்பள்ளி, நாட்டிலேயே அழகான உயர்நிலைப் பள்ளி என்று அந்நாளில் போற்றப்பட்டது. இரண்டு தெருக்களின் நீளத்துக்கு விரியும் செங்கல் முகப்பின் நடுவே, வாசலுக்கு மேல் நான்கு சிலைகள் நிற்கின்றன. இலட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம் என்பன அவற்றின் பெயர்கள். வருபவர்கள் அண்ணாந்து அந்தப் பெயர்களை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். கறுப்பினப் பிள்ளைகள் எவருக்கும் அந்த வாசல் முப்பது ஆண்டுகள் திறக்கவில்லை. அவர்களுக்கென்று 1929இல் டன்பார் பள்ளி கட்டப்பட்டபோது அதற்கு ஆன செலவு நான்கு லட்சம் டாலர். அதிலும் ஒரு பகுதி, கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு உதவிய ரோசன்வால்ட் அறக்கொடையிலிருந்து வந்தது.

பள்ளிகளில் இனப் பாகுபாடு சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 1957 செப்டம்பர் 4ஆம் நாள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் இங்கே சேர வந்தார்கள். அவர்களில் பதினைந்து வயது எலிசபெத் எக்ஃபோர்ட் மட்டும் தனியே வந்தார். வீட்டில் தொலைபேசி இல்லாததால், எல்லோரும் சேர்ந்து செல்வது என்ற செய்தி அவரை எட்டியிருக்கவில்லை. பள்ளியின் முதல் நாளுக்காகத் தைத்த புதுப் பாவாடையோடு வந்த அந்தப் பெண்ணை, ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் நிறுத்தியிருந்த தேசியக் காவற்படை வீரர்கள் உள்ளே விடவில்லை. கூச்சலிடும் கும்பல் பின்தொடர, பள்ளி முகப்பின் முழு நீளத்தையும் கடந்து பதினாறாம் தெரு முனையிலிருந்த பேருந்து நிறுத்த இருக்கைக்கு அவர் நடந்தார். பார்க் தெருவில் அந்தத் தூரத்தை நாமும் நடந்து பார்க்கலாம். அன்று எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் ஒரு நொடியாகப் பதிந்திருக்கும் காட்சி எவ்வளவு நேரம் நீடித்திருக்கும் என்பதைக் கால்கள்தாம் சொல்கின்றன. அந்த இருக்கையின் நினைவாக அங்கே இன்று இருக்கும் இருக்கை 2018இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதை உருவாக்கியதில் இதே பள்ளியின் மாணவர்களுக்குப் பங்கு உண்டு.

எதிர்முனையில் பழைய மோபில் பெட்ரோல் நிலையத்தை 1957இல் இருந்த தோற்றத்திலேயே புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த பொதுத் தொலைபேசியிலிருந்துதான் செய்தியாளர்கள் தங்கள் நாளிதழ்களுக்குச் செய்தி சொன்னார்கள். பள்ளிக்கு எதிர்வரிசையில் உள்ள ஏழு வீடுகளும் 2018இல் தலத்தின் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டன. தெருவையே சாட்சியாகக் காக்கும் இந்த அக்கறை பாராட்டுக்குரியது. நினைவுத் தோட்டமும் உண்டு. சற்று உட்கார்ந்து இளைப்பாற ஏற்ற இடம்.

2007இல் திறக்கப்பட்ட இன்றைய பார்வையாளர் மையத்தில் அவசரப்படக் கூடாது. அதிபர் ஐசன்ஹோவர் அனுப்பிய தரைப்படையின் 101ஆம் வான்குடைப் பிரிவின் ஏறத்தாழ 1,200 வீரர்களின் பாதுகாப்பில் செப்டம்பர் 25 அன்று ஒன்பது பேரும் முன்வாசல் வழியாகவே நுழைந்தது பலருக்கும் தெரிந்த செய்தி. அதற்குப் பிந்தைய நாட்களே கொடியவை. நடைவழிகளில் தள்ளுவதும் உதைப்பதும் ஆண்டு முழுவதும் தொடர்ந்தன. ஒன்பது பேரில் ஒருவரான மின்னிஜீன் பிரவுன் இடையிலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். 1958 மே மாதம் அவர்களில் இன்னொருவரான எர்னஸ்ட் கிரீன் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டயம் பெற்ற விழாவுக்கு மார்ட்டின் லூதர் கிங் வந்து பார்வையாளர்களிடையே அமர்ந்திருந்தார். அந்த ஒன்பது பேரின் அனுபவங்களை அவர்களுடைய சொற்களிலேயே இங்கு கேட்பது, எந்தப் பாடநூலும் தராத ஒன்று.

அடுத்து வந்த ‘இழந்த ஆண்டு’தான் என்னை மிகவும் பாதித்தது. கறுப்பின மாணவர்களைச் சேர்க்காமலிருப்பதற்காக 1958-59 கல்வியாண்டு முழுவதும் நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டார்கள். 3,665 மாணவர்கள் பள்ளியின்றி நின்றார்கள். வெள்ளையர் பிள்ளைகளில் பலருக்குத் தனியார் பள்ளியோ வெளியூர்ப் பள்ளியோ கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் ஒப்பந்தப்படி வந்து வெற்று வகுப்பறைகளில் அமர்ந்திருந்தார்கள். ஆனால் அமெரிக்கக் கால்பந்தாட்டப் போட்டிகள் மட்டும் நின்றுவிடவில்லை. முந்தைய ஆண்டுதான் தோல்வியே காணாத சென்ட்ரலின் ‘டைகர்ஸ்’ அணி, வகுப்பே நடக்காத பள்ளியின் பெயரில் களமிறங்கியது. பள்ளியின் மரபு என்று ஊர் எதைக் காப்பாற்றியது, எதைக் கைவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன். பள்ளிகளைத் திறக்கக் கோரிப் போராடிய மகளிர் அவசரக் குழுவினர் முதலானோரின் விடாமுயற்சிக்குப் பிறகு 1959 ஆகஸ்டில் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன.

இன்றைய மாணவர்களும் இந்த வரலாற்றுக்குச் சொந்தக்காரர்களாக இருப்பது எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது. ‘தி டைகர்’ என்ற மாணவர் இதழ், கறுப்பும் பொன்னும் ஆன அணி நிறங்கள், 1936இல் கட்டப்பட்ட குவிக்லி விளையாட்டரங்கம் என்று எந்தப் பள்ளிக்கும் இருக்கக்கூடிய மரபுகளோடு, இங்கே இன்னொரு மரபும் வளர்ந்திருக்கிறது. மாணவர்கள் தங்கள் குடும்பத்துப் பெரியவர்களைப் பேட்டி கண்டு, பாகுபாட்டையும் உரிமைப் போராட்டத்தையும் பற்றிய நினைவுகளை எழுதித் தொகுத்துவருகிறார்கள். தன் வாசலில் நடந்ததை மறைக்காமல் அடுத்த தலைமுறையையே கேட்டு எழுதவைக்கும் பள்ளியைக் காண்பது அரிது.

செல்பவர்களுக்குச் சில குறிப்புகள். பள்ளி வேலை நாட்களைப் பொறுத்துச் சுற்று நேரங்கள் மாறக்கூடும் என்பதால், பயணத் தேதி முடிவானதுமே முன்பதிவு செய்வது நல்லது. பார்வையாளர் மையத்தை முதலில் பார்த்துவிட்டுத் தெருவில் நடந்தால் ஒவ்வொரு முனைக்கும் பொருள் புரியும். பத்து வயதைக் கடந்த பிள்ளைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். வசைச் சொற்களும் வன்முறையும் காட்சிகளில் வரும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள். நேரமிருந்தால் அதே நகரில் இப்போது நடுநிலைப் பள்ளியாக இயங்கும் டன்பாரையும் வெளியிலிருந்து பாருங்கள். நான்கு லட்சம் டாலர் கட்டடத்தையும் பதினைந்து லட்சம் டாலர் கட்டடத்தையும் ஒரே நாளில் பார்ப்பவர்களுக்குத்தான் ஒன்பது பிள்ளைகள் அந்த வாசலை ஏன் கேட்டார்கள் என்பது முழுதாக விளங்கும்.